கண்ணாடிக் கடையில் கண்ணைப் பார்க்காதவள்

மூக்குக் கண்ணாடி விற்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம், 'கஸ்டமர் கண்ணைப் பார்த்துப் பேசு' என்பது. எனக்கு ஆட்டிசம். ஒருவர் கண்ணைப் பார்த்தால் அவர் பேசுவது என் காதில் ஏறாது. இதை வைத்துக்கொண்டுதான் மயிலாப்பூரில் கண்ணாடி விற்கிறேன். இதே அவஸ்தையில் இருப்பவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

புருவ மத்தி

நான் எதையோ மறைக்கிறேன் என்று ஒரு கஸ்டமர் புகார் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் ரமணி சார் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் உள்ளே லென்ஸ் தேய்க்கிற ரூமுக்கு மாற்றிவிடுவேன் என்றார். நல்ல மனிதர், கூடவே ஒரு யுக்தியும் தந்தார்: கண்ணுக்குப் பதில் புருவ மத்தியைப் பார்.

அன்றைக்கே பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஓர் அக்கா வந்தார். பிரேம், லென்ஸ், விலை எல்லாவற்றையும் அவர் நெற்றிக்கே விளக்கினேன். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முந்தானையால் துடைத்தார். கடைசியில் ஸ்டிக்கர் பொட்டையே பிய்த்து எடுத்துவிட்டார். நான் பார்வையை நகர்த்தவில்லை.

"பொட்டத்தான் எடுத்துட்டேனேம்மா, இன்னும் இன்னா கீது அங்க?"

சம்பந்தம்

யுக்தியை அத்தோடு விட்டேன். பழையபடி கவுண்டரைப் பார்த்தே பேசினேன். மாட வீதியிலிருந்து ஒரு மாமி, பெருங்குடியில் ஐ.டி. வேலை பார்க்கும் மகனோடு வந்தார். மகனுக்கு நான் பிரேம் காட்ட, மாமி என்னையே கவனித்தார். பில் போடும் நேரத்தில், "தலை நிமிராம என்ன அடக்கம்" என்று சொல்லி என் நட்சத்திரத்தை விசாரித்தார். மகன் வாசல் பக்கம் நழுவினான்.

"அடக்கம் இல்ல மாமி, ஆட்டிசம். உங்க பையன் முகம் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. மூக்கு அளவு மட்டும்தான் தெரியும்" என்றேன்.

"அதனால என்னடிம்மா? அவனும் ஆத்துல போனைத்தான் பாத்துண்டிருக்கான்."

பேசியது யாரோடு?

கோட்டூர்புரத்திலிருந்து அக்காவோடு ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். போன கடைகளில் எல்லாம் பாதியில் எழுந்து வந்துவிட்டாராம். எதிரே உட்கார்ந்ததும் மேஜையைப் பார்த்தார். நானும் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் உங்களைப் பார்க்க மாட்டேன். நீங்களும் என்னைப் பார்க்க வேண்டாம்" என்றேன். அவர் தோள் தளர்ந்தது. காதில் மாட்டும் கம்பி அழுத்துகிறது, அதனால் தலைவலி, யாரும் முழுசாகக் கேட்பதில்லை என்று மேஜையிடம் சொன்னார். நான் கம்பியைச் சூடாக்கி வளைத்தேன். மாட்டினார், கழற்றினார், மறுபடி வளைத்தேன். அளவெடுக்கும்போது மட்டும் வெளியே பஸ் ஸ்டாப்பைப் பார்க்கச் சொன்னேன். பார்வை என் மேல் இல்லாவிட்டால் எந்தக் கண்ணையும் என்னால் பார்க்க முடியும்.

"இங்க யாரும் என்னை முறைக்கலக்கா" என்று அவர் அக்காவிடம் சொன்னபோது, அந்த அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ரமணி சார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர்கள் போனதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லென்ஸ் ரூமுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன், நீ இங்கயே இரும்மா."

கண்ணோடு கண் நோக்காமல் காதல் வேண்டுமானால் வராமல் போகலாம், கண்ணாடி வியாபாரம் தாராளமாக நடக்கிறது.