இரண்டு பக்கமும் நம்ம

எங்கள் டிக்கோயாத் தோட்டத்தில், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ஒரு காவல்காரர் இருந்தார். துரை போட்டுக் கழித்த நீளக் கோட்டு அவருக்கு முழங்காலைத் தாண்டும். வாயைத் திறந்தால் 'நம்ம'தான். நம்ம ஸ்டோர், நம்ம துரை, நம்ம மழை. அதில் மழையை மட்டும் யாரும் அவரிடமிருந்து பிடுங்க மாட்டார்கள்.

பெரிய உதைபந்தாட்டப் போட்டிக்குள் நுழைய, அந்த ஆட்டத்தில் சின்ன நாடுகள் முதலில் தகுதி ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டுமாம். அப்படி ஒரு நாள் இலங்கையும் இந்தியாவும் மோதின. தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் தன் ரேடியோவை ஜன்னலில் வைத்தார். இரண்டு நாட்டிலும் பிரஜாவுரிமை இல்லாத நாங்கள் வெளியே நின்று கேட்டோம்.

"என்னப்பா, இன்னைக்கு ஒன்னோட நம்ம எது?" என்று கிளாக்கர் காவல்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டுந்தாங்க ஐயா. ரெண்டு பேருந்தானே நம்மள வேணாங்கிறாங்க."

கிளாக்கர் அவசரமாக ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார். யார் கோல் போட்டாலும் காவல்காரர் கை தட்டினார். கடைசியில் இந்தியா ஜெயித்தது.

"நம்ம தோத்துட்டோம்" என்று சொல்லி அவர் கிளம்பினார்.

'ஜெயிச்சதும் நம்மதானேண்ணே?' என்று கேட்க நினைத்தேன். ஆம்பளைகள் கூட்டத்தில் பொம்பளைப் பிள்ளை கேட்பதா? அவர் நம்ம ஸ்டோரைக் காவல் காக்க, நம்ம மழையில் நனைந்துகொண்டே போனார்.