லோவிசாவை யாரும் கூப்பிடவில்லை

எங்கள் சபையில் கடவுள் உண்டா இல்லையா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் தொடங்கிய விவாதம். ஞாயிற்றுக்கிழமை யார் எவ்வளவு பேசினாலும் காபி ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் எல்லோரும் ஒத்துக்கொண்ட கொள்கை. அந்தக் காபியை நாற்பது வருஷமாகப் போட்டவள் லோவிசா. இது அவள் கதை. சொல்கிற நான் அஸ்தா, சபையின் தலைவி, ஊர்த் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்குப் பொறுமை கம்மி என்று ஊரே சொல்லும். நானும் மறுத்ததில்லை.

கனடாவில் வின்னிபெக் ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஊரில் எல்லோருமே ஐஸ்லாந்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான். வந்து குடிசை போட்டு முடிப்பதற்குள் மதச் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள். கடவுள் ஒன்றுக்குள் மூன்று என்றவர்கள் ரோட்டுக்கு மேற்கே லூத்தரன் சர்ச் கட்டினார்கள். ஒன்று என்றால் ஒன்றுதான் என்றவர்கள் கிழக்கே, ஏரியைப் பார்த்து, எங்கள் யூனிட்டேரியன் சர்ச்சைக் கட்டினார்கள். "அவங்களுக்கு மணிக்கூண்டு இருக்கு, நமக்கு அபிப்பிராயம் இருக்கு" என்பான் எங்கள் சபையின் ஹியால்டி.

அந்த மணிக்கூண்டில் மணியடித்தவரின் மகள்தான் லோவிசா. எங்கள் பக்கத்து மீனவன் ஸ்காப்டியின் மேல் ஆசைப்பட்டாள். அவள் அப்பா கொஞ்ச நாள் உறுமிவிட்டு இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"கட்டிக்கோ. ஆனா என் பொண்ணை உங்க சபைக்கு இழுக்கக் கூடாது."

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றான் ஸ்காப்டி.

சொன்ன சொல்லைச் சாகும்வரை காப்பாற்றினான். அதில் அவனுக்கு ஏகப் பெருமை. அதுதான் வந்த வினை.

கல்யாணமான அடுத்த ஞாயிறு அவளாகவே அவனோடு எங்கள் சர்ச்சுக்கு வந்தாள். நீலக் கோட்டும் தலையில் பின்னல் தொப்பியுமாக வாசலில் நின்றாள். அப்போது தலைவராக இருந்த பென்சி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உருகிச் சொன்னார்: "இங்க உன்னை யாரும் எதையும் நம்பச் சொல்ல மாட்டாங்கம்மா. சேரச் சொல்லவும் மாட்டாங்க. நீ நீயா இரு."

எங்கள் அகராதியில் ஒருவருக்குச் செய்கிற மரியாதை இதற்கு மேல் இல்லை. ஆனால் லோவிசா வளர்ந்த இடத்தில், போதகர் எல்லோர் முன்னாலும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலையில் கை வைத்தால்தான் ஒருவர் அந்தச் சபையின் ஆள். கூப்பிடுவதுதான் எல்லாம். அவள் காதில் விழுந்தது, உன்னை இங்கே கூப்பிட மாட்டோம் என்பதுதான். கொஞ்ச நேரம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு சமையலறைக்குள் வந்துவிட்டாள். அங்கே பழைய விறகடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் நான்தான்.

"கொஞ்சம் நகரு" என்றாள். நான் நகர்ந்தேன். அதற்குப் பிறகு அந்த அடுப்பை விட்டு அவள் நகரவில்லை.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர், "லோவிசா, நீயும் எங்களோட சேர்ந்துக்கோயேன்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டிருந்தால் அந்த நிமிஷமே சேர்ந்திருப்பாள். இதை அவளே பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்களோ அவளை உறுதியான லூத்தரன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷம் எங்களோடு இருந்தும் கொள்கை மாறாதவள் என்று அவளைப் பற்றி வெளியூரில் பெருமையடித்துக்கொண்டோம்.

அவளே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எங்கள் ஜனத்தைத் தெரிந்தவர்களுக்குத் தோன்றாது. எங்கள் வீடுகளில் காபி கொடுத்தால் விருந்தாளி உடனே வாங்க மாட்டார். "வேண்டாம், எதுக்குச் சிரமம்" என்பார். இன்னொரு தடவை கேட்டால், இப்போதுதான் குடித்தேன் என்பார். மூன்றாம் தடவை வற்புறுத்தினால், "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால அரைக் கோப்பை" என்று சொல்லிவிட்டு இரண்டு கோப்பை குடிப்பார். யாரும் கூப்பிடாமல் தானாகக் கை நீட்டுவது பிச்சை எடுப்பது மாதிரி. ஒரு வாய் காபிக்கு இத்தனை கெஞ்சுகிற நாங்கள், சபைக்கு ஒருவரை வா என்று கூப்பிடுவதைப் பாவமாக நினைப்பவர்கள். அதாவது, பாவம் என்று ஒன்றை நாங்கள் நம்புகிற கொஞ்ச அளவுக்கு.

இப்படியே அவள் வாழ்க்கை ஓடியது. குளிர்காலத்தில் ஸ்காப்டி உறைந்த ஏரியில் துளை போட்டு வலை இறக்குவான். இவள் வீட்டில் வலை பின்னுவாள், கோடையில் மீன் கொட்டகையில் நின்று கத்தி பிடிப்பாள். இரண்டு பெண்களைப் படிக்க வைத்து மேற்கே அனுப்பினாள். உலர்ந்த பிளம் பழ விழுதைத் தடவி ஏழடுக்காக அவள் செய்கிற கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு பூசச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. ஹியால்டியின் மனைவி ஒரு கிறிஸ்துமஸுக்குத் தான் செய்த கேக்கில் பூசிக் கொண்டுவந்தாள். லோவிசா அதைத் தட்டில் வைத்து, "இது யாரு வீட்டுச் சுவரு?" என்று கேட்டாள். அதோடு சரி.

பிரசங்கத்தை அவள் சமையலறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக் கேட்பாள். பிடிக்காத கருத்து வந்தால் உள்ளே பாத்திரம் கொஞ்சம் ஓங்கி வைக்கப்படும். வின்னிபெக் நகரிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற போதகருக்கே அந்தச் சத்தத்தில் பயம் உண்டு. பாட்டு ஆரம்பித்தால் கீழ்க்குரலில் அவளும் பாடுவாள். எங்கள் சபையில் சுருதி சேர்கிற ஒரே குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஸ்காப்டி ஒரு இலையுதிர் காலத்தில் படகிலேயே, வலை தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். தன் புருஷன் அடக்கத்துக்கும் லோவிசாதான் காபி போட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இன்னிக்காவது முன்னால போய் உட்காருடி" என்றேன்.

"எங்க உட்காருறது?" என்று கேட்டாள்.

அவள் துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்தேன். இனிமேலாவது யாராவது கேட்பார்கள் என்று அன்றைக்குக் காத்திருந்தாளாம். நாங்களோ வெளியே நின்று, "புருஷனை இழந்தவளை நம்ம பக்கம் இழுக்கிறது நியாயமில்ல" என்று ஹியால்டி சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தோம். எவ்வளவு நல்லவர்கள் நாங்கள்!

போன குளிர்காலத்தில் பென்சி தொண்ணூற்று நாலு வயதில் இறந்துபோனார். அதோடு நாங்கள் ஒன்பது பேர் ஆனோம். பத்துக்குக் கீழே போனால் சர்ச்சை மூடிவிட வேண்டும் என்பது தாத்தாக்கள் வைத்த விதி. அவர்கள் காலத்தில் ஞாயிறுதோறும் நூறு பேர் வந்தார்கள். பத்து என்பது அவர்களுக்கு வேடிக்கையான எண்ணாக இருந்திருக்கும்.

பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிறு, பாட்டு முடிந்ததும் கூட்டம் போட்டோம். ஹியால்டி எழுந்தான். மீன் கொட்டகையில் மேஸ்திரியாக இருந்தவன், எங்கள் நாத்திகன். கடவுள் இல்லை என்று சொல்வதற்காகவே ஒரு ஞாயிறு விடாமல் சர்ச்சுக்கு வருகிறவன்.

"மூடிரலாம்" என்றான். "வேற வழி இல்ல."

"புதுசா ஒரு ஆளைச் சேர்க்க முடியாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எப்படிச் சேர்க்கிறது? வாசல்ல நின்னு கையைப் பிடிச்சு இழுக்கவா? நாம என்ன அப்படிப்பட்ட ஜனமா?"

சமையலறையில் கோப்பைச் சத்தம் நின்றது. நான் பாதி திறந்திருந்த அந்தக் கதவைப் பார்த்தேன். என் பொறுமை எவ்வளவு தாங்கும்?

"லோவிசா!" என்று கத்தினேன். "இங்க வாடி. நீ சேர்ந்துக்கோ. பத்து ஆயிடும்."

ஹியால்டி முகம் சிவந்து, "அஸ்தா! என்ன காரியம் பண்றே? அவ லூத்தரன். அவ நம்பிக்கையில கை வைக்க நாம யாரு?" என்று பாய்ந்தான்.

லோவிசா பாத்திரம் துடைக்கிற துணியோடு வெளியே வந்தாள்.

"நான் லூத்தரன்னு உனக்கு யாரு சொன்னா ஹியால்டி?"

"யாரும் சொல்லல. ஆனா..."

"எங்கப்பா அடக்கத்துக்கு அப்புறம் அந்த வாசப்படியை நான் மிதிச்சதில்ல. ஒவ்வொரு ஞாயிறும் இங்கதானே நிக்கிறேன்? கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"அப்ப இத்தனை வருஷமா ஏன் நீ சேரல?"

"நீங்க ஏன் கூப்பிடல?"

கடவுளைப் பற்றி எந்த நேரமும் பதில் வைத்திருக்கிற கூட்டம் தரையைப் பார்த்தது. ஹியால்டிதான் கடைசியில், "உனக்கு மரியாதை குடுக்கிறதா நெனச்சோம்" என்றான்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் காபியைப் பிடிச்சிருக்கு, என்னைப் பிடிக்கலேன்னு நெனச்சேன்."

"சரிடி, அதான் இப்பக் கூப்பிடறேனே. வந்து உட்காரு" என்றேன்.

"இப்ப எதுக்குக் கூப்பிடறே? உங்களுக்கு ஒரு தலை குறையுது. அந்த எடத்துல எந்தத் தலை இருந்தாலும் போதும். அதுக்கு நான் வர மாட்டேன் அஸ்தா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு முழுக்கச் சாத்தி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஹியால்டி தலையைச் சொறிந்துகொண்டே நின்றான். திடீரென்று மேசையைத் தட்டினான்.

"விதியை மாத்துங்க. எத்தனை பேர் இருக்கோமோ அத்தனை பேர் போதும்னு."

"தாத்தாங்க வெச்ச விதி ஹியால்டி" என்றாள் அவன் மனைவி.

"கடவுளோட எண்ணிக்கையையே மூணுலேருந்து ஒண்ணாக் குறைச்சவங்க நாம. இந்தப் பத்தைக் குறைக்க முடியாதா?"

ஒன்பது கையும் ஒரே நேரத்தில் உயர்ந்தது. எங்கள் சபையில் எதிர்ப்பே இல்லாமல் ஒரு காரியம் நிறைவேறியதை அன்றுதான் பார்த்தேன்.

"இப்ப அவ நமக்குத் தேவையில்ல" என்றான் ஹியால்டி சந்தோஷமாக. "இப்பப் போய்க் கேக்கலாம்."

எல்லோரும் அவன் பின்னால் போனோம். கதவைத் தட்டித் திறந்தான். லோவிசா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"லோவிசா, சர்ச்சை மூடல. ஒன்பது பேரே போதும்னு மாத்திட்டோம். நீ வரலேன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. அதனாலதான் கேக்கறேன். எங்களோட சேர்ந்துக்கறியா?"

அவள் திரும்பவில்லை. "அதெல்லாம் வேண்டாம். எதுக்குச் சிரமம்" என்றாள்.

"சரி, உன் இஷ்டம்" என்று ஹியால்டி தலை குனிந்து திரும்பினான். அடுத்தவர் விருப்பத்தை மதிக்கிற ஜாதி இல்லையா? அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"மடையா, இன்னொரு தடவை கேளுடா!"

அவன் கண் விரிந்தது. புரிந்துவிட்டது.

"லோவிசா, சும்மா சேர்ந்துக்கோயேன்."

"எனக்கு வயசாயிடுச்சு. இனிமே சேர்ந்து என்ன பண்ணப் போறேன்."

அந்த நாத்திகன் கண்ணில் தண்ணீர் நின்றது. "நீ வேணும் லோவிசா" என்றான். "காபிக்கு இல்ல. எண்ணிக்கைக்கு இல்ல. நீ எங்க பக்கத்துல உட்காரணும். வா."

குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள், விரல் விரலாக. "சரி, நீ இவ்வளவு சொல்றதால" என்றாள்.

நடுவில் இருந்த பெஞ்சில் எனக்கும் ஹியால்டிக்கும் இடையே வந்து உட்கார்ந்தாள். எங்களிடம் இதற்கென்று சடங்கு எதுவும் கிடையாது. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்து அவள் பேரைச் சொல்லிக் கை கொடுத்தார்கள். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் நன்றாகப் பார்த்தாள்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது தரையெல்லாம் சேறும் பனியுமாக இருந்தது. லோவிசா என் கையைப் பிடித்துக்கொண்டு கார்வரை நடந்தாள்.

"நீ கத்தினியே, அதுக்கு ரொம்ப நன்றி அஸ்தா" என்றாள்.

"நன்றி நாங்கதாண்டி சொல்லணும் உனக்கு."

"சொல்லுங்களேன். யாரு வேண்டாம்னா?" என்றாள். "அதையும் இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அவளுக்குக் கூச்சமாக இருக்குமே என்று அதையும் நாங்கள் சொல்லாமலே விட்டிருந்தோம். ஏரிக் காற்று காதை அறுத்தது. அங்கேயே நின்று சொல்ல ஆரம்பித்தேன். காபிக்கு, கேக்குக்கு, பாட்டுக்கு, மழையிலும் பனியிலும் எங்களுக்கு முன்னால் வந்து சர்ச்சைச் சூடாக்கி வைத்ததற்கு, ஸ்காப்டி போன பிறகும் எங்களை விட்டுப் போகாமல் இருந்ததற்கு. குளிரில் பல் கிடுகிடுத்தது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வேகமாகப் பேசினேன்.

அவள் என் கையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மெதுவாச் சொல்லு" என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."