சரிவில் வைத்த கால்

ஆஸ்பத்திரியின் பக்கத்து அறையில் கொதிநீரில் ஊசிகள் மோதும் சத்தம் சண்முகவடிவுக்குக் கேட்டது. ஆனாலும் அவளைச் சுட்டது ஊசியல்ல, பழிதான். முழங்கால் வலிக்கு எடுத்த முந்தைய எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்ததால், அவள் தேயிலைக் கொழுந்தெடுக்கச் சோம்பி நடிக்கிறாள் என்று தொழிலாளர் லயத்து வீடுகளிலெல்லாம் சொல்லிவிட்டார், வேலையை மேற்பார்க்கும் தம்பையா கங்காணி.

யாழ்ப்பாணத்து டாக்டர் முழங்காலை மரத்துப்போகச் செய்து, மூட்டுக்குள் ஊசியால் மருந்தை ஏற்றினார்.

"சாதாரணப் படத்தில எலும்புதான் தெரியும். இந்த மருந்து போனால் ஜவ்வில கிழிசல் இருந்தாலும் தெரியும். கொஞ்சம் நடவுங்கோ அம்மா, பரவட்டும்."

கூடைக் கயிறு தலையில் இருப்பதுபோல் குனிந்து, மலைச்சரிவில் வைப்பதுபோல் பாதத்தைத் திருப்பி வைத்து நடந்தாள் அவள். முழங்கால் சட்டென்று பூட்டிக்கொண்டது.

"அப்பிடியே திருப்பி வைச்சுக்கொண்டு படுங்கோ" என்று சொல்லி டாக்டர் படமெடுத்தார்.

வெளியே காத்திருந்த கங்காணியை அழைத்து, ஈரம் காயாத படத்தில் மருந்து புகுந்து தெரிந்த வெள்ளைக் கீற்றைக் காட்டினார். "கிழிஞ்சிருக்கு. சின்ன ஆபரேஷன் செய்தால் திரும்ப மலையேறலாம்."

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்தார். "தப்புதான் வடிவு. நாளைக்குக் காலையில பெரட்டுக்கு ஆளு கூடுறப்ப எல்லார் முன்னாலயும் சொல்லிடுறேன்."

"படத்தையும் கொண்டுபோங்க கங்காணி. ஒங்க வாய யாரு நம்புவா?"

சிரித்தபடி கங்காணி படத்தோடு வெளியேற, கதவு மூடியது.