குளக்கட்டுக்குள் ஒரு பங்கர்

போன கிழமை சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு குளக்கட்டுக்குள் சற்று நேரம் இருந்தேன். கட்டின்மேல் அல்ல, கட்டுக்குள்.

குளம் அரசாங்கத்துடையது அல்ல. நடராசா என்ற தோட்டக்காரருக்குச் சொந்தமானது. அவருடைய தகப்பனார் சொந்தக் காணியில் எழுப்பிய மண்கட்டு, ஆள் உயரம் இருக்கும். மாரி மழையை மறித்து வைத்தால் கோடையில் தோட்டக் கிணறு வற்றாது. அந்தக் குளத்துக்கு வேறு வேலை கிடையாது.

கட்டைப் பார்க்கும்படி கேட்டு நடராசா என் அயலவர் சபாரத்தினத்திடம் வந்தார். சபாரத்தினம் நீர்ப்பாசன இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் தொற்றிக்கொண்டேன். பெற்றோல் இல்லாத ஊர்... மூன்று சைக்கிள்கள்.

கட்டுக்குக் கீழே வரிசையாகக் கிடுகுக் கொட்டில்கள். கடற்கரையில் ஷெல் விழுந்து, வலையையும் வள்ளத்தையும் விட்டுவிட்டு வந்த மீன்பிடிக் குடும்பங்கள். காணியைக் கொடுத்தவரும் நடராசாதான். கட்டு தண்ணீரை மறிப்பதால் மாரியிலும் காய்ந்து கிடக்கும் நிலம் அது ஒன்றுதான்.

"காணியைத்தான் குடுத்தனான். கட்டைக் குடுக்கேல்லை," என்றார் நடராசா. "என்ன செய்து வைச்சிருக்கினம் எண்டு பாருங்கோ."

பார்த்தோம். கட்டின் வெளிப்பக்கத்தைக் குடைந்து, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்து, ஷெல்லுக்குப் பதுங்கப் பங்கர்கள் வெட்டியிருந்தார்கள். வேறெங்கே வெட்டுவது? இந்த மழை மாதத்தில் எங்கள் மண்ணில் முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். உயர்ந்த மண் இருப்பது கட்டில் மட்டும்தான்.

சபாரத்தினம் கட்டில் ஏறி இறங்கினார். முகம் சரியில்லை.

"நான் வேலையிலை இருக்கேக்கை இதைக் கடைசி வகுப்பிலைதான் போட்டிருப்பன்," என்றார். "ஆபத்துக் குறைஞ்ச கட்டு."

"இப்பவும் அதே கட்டுத்தானே?" என்று கேட்டேன்.

"கட்டு நல்லதோ கூடாதோ எண்டது ஒரு கேள்வி. உடைஞ்சால் கீழை ஆர் இருக்கினம் எண்டது வேறை கேள்வி. வகுப்புப் போடுறது ரெண்டாவதுக்கு."

யோசித்துப் பாருங்கள். கட்டு ஒரு அங்குலமும் வளரவில்லை. கீழே வெறும் பற்றை இருந்தவரை அது பாவம், சாதுவான கட்டு. நாலு குடும்பம் உலை வைத்ததும் அதுவே முதல் வகுப்பு ஆபத்தாகிவிட்டது. நடராசா இரக்கப்படாமல் இருந்திருந்தால் அந்தக் கட்டுக்குக் கெட்ட பெயரே வந்திருக்காது.

முதல் கொட்டிலிலிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் யோசப்பின். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"கடலுக்குப் பக்கத்திலை பிறந்து வளர்ந்த எங்களைக் குளத்துத் தண்ணியைக் காட்டி வெருட்டுறியளோ ஐயா?"

"நிண்டு பாக்கிற உங்களுக்கு இது தண்ணியில்லைத்தான், பிள்ளை," என்றார் சபாரத்தினம். "படுத்துக் கிடக்கிற குழந்தையளுக்கு முழங்கால் தண்ணியே மூழ்கக் காணும். இந்தப் பங்கருகளை அடைக்க வேணும்."

யோசப்பின் தன் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "பங்கரை அடைச்சுப்போட்டு, பொம்மர் வரேக்கை எங்கை ஓடுறது? அதையும் சொல்லுங்கோ."

சபாரத்தினம் பங்கர் வாசலைக் குனிந்து பார்த்தார்.

பதில் வானத்திலிருந்து வந்தது. முதலில் இரைச்சல், பிறகு யாரோ "பொம்மர், பொம்மர்" என்று கத்தியது. அடைக்கச் சொல்ல வந்த நாங்கள் மூவரும் யோசப்பினின் பிள்ளைகளுக்குப் பின்னால் அதே பங்கருக்குள் குனிந்து நுழைந்தோம்.

குண்டு எங்கோ தள்ளி விழுந்தது. கட்டு அதிர்ந்தது. என் முதுகு பட்டிருந்த சுவர் ஈரம். மூலையில் ஒரு தகரப் பேணி வைத்திருந்தார்கள். அதற்குள் சுவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்பவும் ஊறுறதோ?" சபாரத்தினம் மெதுவாகக் கேட்டார்.

"ஓம். நல்ல தெளிஞ்ச தண்ணி. ஏனம் கழுவுறனாங்கள். ரெண்டு நாளாய்த்தான் கலங்கலாய் வருது," என்றார் யோசப்பின்.

சபாரத்தினம் பேணியை வாசல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். அடியில் மண்.

வெளியே வந்ததும் நடராசாவிடம் சொன்னார். "தெளிவாய் ஊறினால் கட்டு வேர்க்குது எண்டு விடலாம். கலங்கினால் கட்டு கரைஞ்சு வருது எண்டு அர்த்தம்."

"அடைச்சால் நிக்காதோ?"

"தண்ணி உள்ளை நிக்கேக்கை வெளியாலை அடைச்சுப் பிரயோசனமில்லை. மட்டத்தை இறக்க வேணும், நடராசா."

நடராசா குளத்தைப் பார்த்தார். கரைவரை நிறைந்திருந்தது. அப்பால் அவருடைய தோட்டத்தில் இந்தக் கிழமை நட்ட புகையிலைக் கன்றுகள். அந்தத் தண்ணீர் போனால் மாசியிலேயே கிணறு அடி தெரியும். அது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

"கொட்டிலுகளைக் கிளப்பச் சொல்லலாம்..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. எங்கே என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்திருக்கலாம். சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி எடுக்கப் போனார்.

கொட்டில்களுக்கு எட்டத்தில், கட்டின் மறு அந்தத்தில், வழுக்கையாற்றுப் பக்கம் போகும் வாய்க்காலுக்கு வெட்டினார்கள். ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. வெட்டிய வாயைத் தண்ணீர் அறுக்காமல் இருக்கச் சாக்கும் பனையோலையும் விரித்தார்கள். கொட்டில் ஆண்கள் எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். பொழுது சாயுமுன் குளத்தின் அடிச்சேறு தெரிந்தது.

பங்கர்கள் அப்படியே இருக்கின்றன.

யோசப்பின் எங்களுக்குப் பால் இல்லாத தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நடராசாவிடம் கோப்பையை நீட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊருக்குப் போகேக்கை எல்லாத்தையும் அடைச்சு இறுக்கிப்போட்டுத்தான் போவம், அண்ணை."

"போற நாளை முன்னமே சொல்லுங்கோ," என்றார் நடராசா. "தண்ணி மறிக்க வேணும்."

அந்தக் குளம் மறுபடி எப்போது நிறையும் என்பது இனி மழையின் கையில் இல்லை.