மல்சூக்கின் முன்பற்கள்

மல்சூக்கின் கழுத்தில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்கும். கொரியாவின் தெகு நகரத்துச் சந்தையில் கல்யாண உடுப்பு தைக்கிற மற்ற பெண்கள் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்கள், அவளால் முடியாது. கடைவாய்ப் பற்கள் முட்டிக்கொண்டு நிற்க, மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் ஒன்றையொன்று தொடாமலே இருந்தன. நூல் என்ன, நூடுல்ஸைக்கூடக் கடிக்க வராது. வெட்டித்தான் சாப்பிடுவாள்.

அதுதான் வினையாகிப் போயிற்று. பட்டு வியாபாரி தேஹோவுக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று ஏறக்குறைய முடிவான நேரம். அவன் அம்மாவின் அறுபதாம் பிறந்தநாள் விருந்தில், ஆயுள் நீள வேண்டுமென்று நூடுல்ஸை நீளமாகவே பரிமாறியிருந்தார்கள். பழக்கதோஷம், மல்சூக் கத்தரியை எடுத்துத் தன் கிண்ணத்தில் நறுக் நறுக்கென்று வெட்டிவிட்டாள்.

"என் ஆயுசை என் கண்ணு முன்னாலயே வெட்டுறாளே, பாவி!" என்று அந்த அம்மாள் போட்ட கூச்சலில் விருந்தே நின்றுபோனது. தேஹோ அம்மா பக்கமே போய் நின்றுகொண்டான். அந்த வருஷமே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அம்மாப் பிள்ளை, வேறென்ன சொல்ல.

மல்சூக் ஏங்கினாள். அதை மறைப்பானேன்? அவன் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் இன்னமும் அவள் தலை நிமிரும்.

"எப்பக்கா எங்களுக்கு நூடுல்ஸ் போடப்போறே?" என்பாள் பக்கத்துக் கடை யோன்சில். அந்த ஊரில் கல்யாண விருந்தென்றால் நூடுல்ஸ்தான்; கல்யாணம் எப்போது என்று அர்த்தம்.

"மொதல்ல நான் திங்கக் கத்துக்கறேன். அப்புறம் உனக்குப் போடறேன்."

சின்ன வயதில் பார்த்த டாக்டர், தாடை எலும்பை அறுத்தால்தான் சரியாகும் என்றதும் ஓடி வந்தவள் அவள். இப்போது ஒரு பெண் டாக்டர் வேறு மாதிரி சொன்னாள். "அறுக்கவே வேணாம்மா. கீல் பக்கம் கல்லு மாட்டின கதவு மாதிரி இருக்கு உங்க வாய். மேல் எலும்புல குட்டித் திருகாணி போட்டு, அதைப் பிடிச்சுக் கடைவாய்ப் பல்லை மேல இழுத்துட்டா, முன்னாடி தானா மூடிக்கும்."

"திருகாணியா? நான் என்ன தையல் மிஷினா?" என்று கேட்டவள் மறுவாரமே போய் வாயைக் காட்டினாள்.

மாதங்கள் போயின. ஒருநாள் கடையில் தனியாக இருக்கும்போது நூலை முன்பற்களுக்கிடையே வைத்துக் கடித்தாள். அறுந்தது. நம்பாமல் இன்னொன்று, இன்னொன்று என்று ஒரு கண்டு நூலையே பாழாக்கிவிட்டு அழுதாள்.

அடுத்த மாதம் தேஹோ கடைக்கு வந்து நின்றான். "அம்மாவுக்கு எழுபது. உடுப்பு நீதான் தைக்கணுமாம். விருந்துக்கும் வரணுமாம்."

அந்த அம்மாள் கண் முன்னால், அவன் கண் முன்னால், கத்தரி இல்லாமல் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் தின்று எழுந்திருக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை. கத்தரியைக் கழற்றிக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கிழவி அவளைப் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். கிண்ணங்கள் வந்ததும் மல்சூக்கின் கழுத்தைப் பார்த்தாள். "எங்கடி உன் கத்தரி?"

"கொண்டுவரலைம்மா. இப்ப எனக்குத் தேவையில்ல."

"எனக்குத் தேவையா இருக்கே. பல்செட்டு போட்டா உயிர் போகுது." பொக்கை வாயைத் திறந்து காட்டினாள்.

மல்சூக் கிழவியின் கிண்ணத்து நீள நூடுல்ஸைப் பார்த்தாள். "வெட்டினா ஆயுசு குறையுமேம்மா."

"போடி. அன்னிக்குத்தான் வெட்டினியே, நான் செத்தா போயிட்டேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். தேஹோ மட்டும் தலை குனிந்துகொண்டான். சமையலறையிலிருந்து கத்தரி வந்தது. கிழவியின் நூடுல்ஸை மல்சூக் பொடிப்பொடியாக வெட்டிக் கொடுத்தாள்.

பிறகு தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்து முன்பற்களால் கடித்தாள். சுத்தமாக அறுந்தது. எல்லாரும் கிழவி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.