இந்திரன் பேரனும் அப்பாவின் காய்ச்சலும்

அனைவருக்கும் ஓர் அவசர அறிவிப்பு. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு இன்று காலை, எவ்வித அரசு மரியாதையும் இன்றி, இட்லி மாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

சிரிக்காதீங்க. அந்தத் தட்டில் மூன்று வருஷமாக ஒரு வி.ஐ.பி. குடியிருந்தார்... தேதி முடிந்த பிறகும் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசு வராத, அப்பாவுக்குப் போடாமல் மிஞ்சிய கடைசி ஊசி.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. ஞாயிறு மாலை என்றாலே ஸ்பிரிட் வாசனைதான். வலங்கைமானிலிருந்து வரும் நர்ஸ் அக்கா அப்பாவின் வயிற்றில் பஞ்சைத் தேய்த்து ஊசி போட்டுவிட்டுப் போவார். விளக்கு வைப்பதற்குள் அப்பாவுக்குக் குளிர் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் காய்ந்த வீட்டில் இரண்டு போர்வை.

துபாய் வேலைக்கு எடுத்த மெடிக்கலில் ஹெபடைடிஸ் பி என்று வந்து, அப்பா 'அன்ஃபிட்' ஆகியிருந்தார். தஞ்சாவூர் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஊசியின் பெயர் இன்டர்ஃபெரான். அம்மா வாயில் அது நுழையவே இல்லை. நான்தான் 'இந்திரன் பேரன்' என்று பெயர் சூட்டினேன். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது.

விளக்கவுரையும் அடியேன்தான். டாக்டரம்மா சொன்னதை நம்ம பாஷையில் டீக்கடையில் அவிழ்த்துவிட்டேன்.

"வாய்க்கா கரை உடைஞ்சா, மொத வயக்காரர் கத்தி மத்தவங்களை உஷார் பண்ணுவாருல்ல? வைரஸ் புகுந்த செல்லு அப்படிக் கத்துற கத்தல்தான் இது. நம்ம உடம்பே தயார் பண்ற புரதம். அப்பா உடம்புல சத்தம் பத்தல, அதான் ஊசியில ஏத்துறாங்க. அந்தக் கூச்சலுக்குத்தான் காய்ச்சலே!"

கடையில் கைதட்டல். பாதி டாக்டர் ஆகிவிட்ட நினைப்பு எனக்கு.

கைதட்டியவர்கள்தான் அப்பாவுக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். டம்ளரில் குடித்தால் ஒட்டாது என்றேன்.

"தெரியும் தம்பி... இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்' இருக்கே, எந்த ஊசிக்கும் அடங்காத வைரஸ் அது.

அப்பா மெலிந்தார். முடி கொட்டியது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். ஒரு வருஷம் போட வேண்டிய ஊசி ஐந்தாம் மாதத்தோடு நின்றது.

இப்போது தினம் ஒரு மாத்திரை. காய்ச்சல் இல்லை, போர்வை இல்லை. எப்போது நிறுத்தலாம் என்று கேட்டால், "பாக்கலாம்" என்கிறார் டாக்டரம்மா. ஊசியை முழுசாகப் போட்டால் சிலருக்கு அதோடு முடிந்துவிடுவதும் உண்டாம். அப்பா அந்தச் சிலரில் ஒருவரா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. துபாய் என்ற பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை.

"உங்களுக்குப் பொறுமை பத்தல" என்று இன்று காலையும் அம்மா அப்பாவைக் குத்தினார். அப்பா அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நடந்தது இதுதான். அடுத்த பெட்டி ஊசி வாங்கத் தஞ்சாவூர் போக வேண்டிய சனிக்கிழமை. துணைக்கு நான் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் அப்பா கேட்டார்:

"ஏன்டா, இவ்வளவு காய்ச்சல் வருதே... ஊசி ஒத்துக்கலையோ? நிறுத்திடட்டுமா?"

ஊருக்கே காய்ச்சலுக்கு உரை எழுதியவன் நான். ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

"ஒத்துக்கலைன்னா விட்டுடுங்கப்பா" என்றேன்.

மறுநாள் மன்னார்குடியில் எங்கள் டீமுக்கு மேட்ச் இருந்தது.

முதல் பந்திலேயே அவுட்.