பதினேழு பக்கமும் படித்தவர்

அந்த அம்மாவின் முகத்தை அவருடைய வீடியோக்களைப் பார்க்கும் அறுபதாயிரம் பேரில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கைகளைத்தான். நகக்கண்ணில் கறுப்பு ஏறிய, இடது கட்டைவிரலில் பழைய ஊசித் தழும்பு உள்ள கைகள். அவை தையல் மெஷினைச் சாய்த்து, அடித்தட்டைக் கழற்றி, நூல் ஏன் துணிக்கு அடியில் பந்தாகச் சுருண்டுகொள்கிறது என்று காட்டும். பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் எண்ணெய்க்கை அக்கா.

அவருடைய கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோண இடம். உள்ளே போகப் போகக் கூரை தாழும். கடைசி மூலையில் இருக்கும் திருகு டப்பாவை எடுக்க உட்கார்ந்தபடியே நகர வேண்டும். முன்பு அவர் ஒரு தையல் கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மெஷின் நின்றுபோனது. மெக்கானிக் நான்கு நாளாக வரவில்லை. திறந்து பார்த்தால் என்ன ஆகிவிடும் என்று இவரே திறந்துவிட்டார். முப்பத்தோரு திருகு கழற்றினார், முப்பதுதான் திரும்ப உள்ளே போயிற்று. மெஷின் நன்றாகவே ஓடியது. ஆனால் அந்த ஒற்றைத் திருகு எந்த இடத்துடையது என்று கண்டுபிடிக்கும்வரை ஒரு வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பின்னாளில் அதுவே அவருடைய தொழிலாயிற்று.

வீடியோ எடுக்கும் யோசனை நாத்தனாருடையது. ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போனைப் பிடிப்பார், பிறகு வெட்டி ஒட்டி ஏற்றுவார். மூன்று வருஷம் இப்படியே போனது.

பிறகுதான் திருட்டு நடந்தது. இவர்களுடைய வீடியோ ஒன்றை யாரோ எடுத்து, குரலை மட்டும் மாற்றி, தன் சேனலில் போட்டுக்கொண்டார். அக்காவின் தழும்புகூட அப்படியே தெரிந்தது. என்ன செய்வதென்று இருவரும் விழித்துக்கொண்டிருந்த வாரத்தில், பல சேனல்களைச் சேர்த்து நிர்வகிக்கும் ஒரு வீடியோ கூட்டமைப்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எங்களோடு சேர்ந்தால் திருட்டு வீடியோக்களை நீக்கித் தருவோம், வீடியோவின் அடியில் வேறு மொழிகளில் எழுத்து போட்டுத் தருவோம், விளம்பரம் பிடித்துத் தருவோம், வருமானத்தில் ஒரு பங்கு எங்களுக்கு என்று எழுதியிருந்தார்கள். கூடவே பதினேழு பக்க ஒப்பந்தம்.

நாத்தனாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து, கையெழுத்து போடும் இடத்தையும் காட்டிவிட்டார். அக்கா அதைப் பார்க்காமல் முதல் பக்கத்துக்குப் போனார். நகல் எடுக்கும் கடையில் அச்சடித்து வாங்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒரு பக்கம் என்று படிக்கத் தொடங்கினார். புரியாததை ஊசிப் பாக்கெட்டுகளின் அட்டையில் எழுதி வைத்தார்.

அதில் விசித்திரங்கள் நிறைய இருந்தன. அவருடைய பெயர், குரல், முகம் எல்லாவற்றையும் கம்பெனி பயன்படுத்தலாமாம். காட்டாத முகத்தை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று ஓர் அட்டை. இந்த உரிமை பிரபஞ்சம் முழுவதும் செல்லுமாம். அதற்கு இன்னோர் அட்டை. மூன்று வருஷ ஒப்பந்தம், முடிவதற்குத் தொண்ணூறு நாள் முன்னால் எழுதிக் கொடுக்காவிட்டால் தானாக இன்னும் மூன்று வருஷம் நீளும். அதைப் படித்ததும், ஏற்கெனவே அங்கே சேர்ந்திருப்பவர் யாராவது இருக்கிறார்களா என்று தேடினார். பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கும் ஒருவர் கிடைத்தார்.

ரேடியோக்காரர் போனில் ஒளிவு மறைவில்லாமல் பேசினார். திருட்டு வீடியோ நான்கை இரண்டே நாளில் நீக்கிக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது என்றார். ஆனால் விலக நினைத்தபோது பதினோரு நாள் தாமதமாகிவிட்டதாம். "இன்னும் மூணு வருஷம் மாட்டிக்கிட்டேன்மா. அந்த வரி ஆறாம் பக்கத்துல இருந்துச்சு. நான் ஆறாம் பக்கம் வரைக்கும் போகவே இல்லையே" என்று சொல்லிச் சிரித்தார்.

ஒன்பதாம் பக்கத்தில் அக்காவுக்கு வேறொன்று அகப்பட்டது. திருட்டு பற்றிப் புகார் செய்ய, படைப்பாளர் தன் சார்பில் கம்பெனிக்கு அதிகாரம் தருகிறார் என்று இருந்தது. நம் சார்பில் அவர்கள் செய்யலாம் என்றால் நாமே செய்யலாம்தானே என்று நாத்தனாரிடம் கேட்டார். இருவரும் தேடினார்கள். வீடியோத் தளத்திலேயே அதற்கொரு படிவம் இருந்தது. நிரப்பி அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் திருட்டு வீடியோ காணாமல் போயிற்று. அத்தோடு ஒப்பந்தத்தை மூட்டை கட்டி வைத்துவிடுவார் என்று நாத்தனார் நினைத்தார். அக்காவோ பத்தாம் பக்கத்துக்குப் போனார். மீதியில் என்ன இருக்கிறதென்று தெரிய வேண்டுமாம்.

பன்னிரண்டாம் பக்கத்தில்தான் நின்றார். இந்தச் சேனலின் எல்லா வீடியோக்களும் படைப்பாளர் ஒருவராலேயே உருவாக்கப்பட்டவை என்று அவர் உறுதி கூறுகிறார் என்று இருந்தது. அக்கா அதை வாய்விட்டுப் படித்தார்.

"போட்டுடுங்க அண்ணி. நான் என்ன, போன் பிடிக்கறவதானே" என்றார் நாத்தனார்.

அக்கா காகிதத்தைக் கீழே வைத்தார். அவர்களுடைய வீடியோக்களில் அதிகம் பேர் பார்த்தது ஒன்றுதான். உடைந்த மெஷின் ஒன்றின் பக்கத்தகட்டை அறுத்து எடுத்து, அங்கே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கை ஒட்டி, உள்ளே கொக்கி நூலைப் பிடிப்பதை நேராகக் காட்டியது. தகட்டை அறுக்கலாம் என்று சொன்னவரும், ஒட்டியவரும், மூன்று ஞாயிறு உட்கார்ந்து வெட்டித் தொகுத்தவரும் நாத்தனார்தான்.

"நான் ஒருத்தியே செஞ்சேன்னு எழுதிக் குடுத்தா அது பொய்யாயிடும்மா."

நாத்தனார் கையிலிருந்த நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ இதுல என்னோடது எவ்வளவு அண்ணி?"

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மூன்று வருஷமாக வீட்டில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று அக்காவுக்கு உள்ளே சுருக்கென்றது.

அந்த ஞாயிறு வீடியோ எடுக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். சேனல் இருவருக்கும் சரிபாதி. ஒருவர் விலகினாலும் பழைய வீடியோக்கள் இருவருடையவை. அக்காவின் குரலை அவர் சம்மதமில்லாமல் வேறெங்கும் போடக்கூடாது. நாத்தனார் நினைத்தால் தனியாக ஒரு சேனல் தொடங்கலாம், அதற்கு யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது. இந்தக் கடைசி விதி நாத்தனார் சேர்த்தது. சாட்சிக் கையெழுத்துக்கு, பள்ளி வேன் ஓட்டும் அக்காவின் கணவரைக் கூப்பிட்டார்கள். எங்கே போடணும் என்று பேனாவைத் திறந்தபடி வந்தார். "படிச்சிட்டுப் போடுங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஒன்றரைப் பக்கம் படிக்க மனிதருக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

அதன் பிறகே அக்கா கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டார். அட்டைகள் இருபத்துமூன்று சேர்ந்திருந்தன. மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார், ஆனால் எதைக் கேட்டாலும் இது எல்லாருக்கும் உள்ள விதிதான் என்றே சொன்னார். எட்டாவது அட்டையில் அக்கா நிறுத்திக் கேட்டார்:

"சார், தப்பா நினைக்காதீங்க. இத நீங்க முழுசாப் படிச்சிருக்கீங்களா?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இல்ல மேடம். இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல. ரெண்டு நாள் குடுங்க."

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். படித்துவிட்டிருந்தார். அவருக்கே ஏழு சந்தேகங்கள். கம்பெனி வக்கீலிடம் எல்லாவற்றையும் கேட்டாராம். ஒரு வருஷம் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். தானாக நீளும் விதியை எடுத்தார்கள். பழைய வீடியோக்களுக்கு அவர்கள் உரிமை கேட்க மாட்டார்கள், முகம் கிடையாது, படைப்பாளர்கள் இருவர். பிரபஞ்சத்தை மட்டும் வக்கீல் எடுக்க மறுத்துவிட்டார். அதை முதலில் யார் போட்டார், எதற்குப் போட்டார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, அதனால் எடுக்கப் பயமாக இருக்கிறதாம். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

புதிய பிரதி பதினான்கு பக்கமாக வந்தது. அதையும் முதலிலிருந்து படித்தார்கள். இம்முறை நாத்தனார் படிக்க, அக்கா கேட்டார். பிறகு இருவரும் கையெழுத்திட்டார்கள். திருட்டுக்காக அந்தக் கம்பெனி தேவையில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் சேர்ந்தீர்கள் என்று ரேடியோக்காரர் கேட்டாராம். வேறு மொழிக்காரர்கள் தங்கள் மெஷினைப் பற்றி என்ன கேட்பார்கள் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் என்றார் அக்கா.

இரண்டாம் மாதம் கேள்விகள் வரத் தொடங்கின. தங்கள் வீட்டு மெஷினில் சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் தைக்கிறது, இது கோளாறா, செய்ததே அப்படியா என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படியொரு மெஷினை அக்கா கண்ணால் பார்த்ததில்லை. அடித்தட்டைக் கழற்றி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு, பதில் வந்ததா, வந்ததா என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார்.